தட்டைப்பயறுக்கு ஒரு பாத்தி

பூக்கும் பருவத்தில் இருக்கும் தட்டைப்பயறுச் செடி ஒன்றைப் பிடுங்காமல், சுற்றிலும் தோண்டி மண்ணோடு தூக்குங்கள். வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால், வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் சிறு முடிச்சுகள் ஒட்டியிருப்பது தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு அது நெருங்கிய உறவு. செடியின் வேருக்குள் அதற்கு என்ன வேலை?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். தழைச்சத்து என்று நாம் சொல்வதும் அதைத்தான். ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் செடியால் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மூன்று பிணைப்புகளால் இறுகியிருக்கின்றன. யூரியாவுக்கு மூலமான அம்மோனியாவைத் தயாரிக்கும் ஆலைகளில் இந்த இறுக்கத்தைப் பிரிக்க 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தமும் தேவைப்படுகின்றன. ஃப்ரிட்ஸ் ஹேபரும் கார்ல் போஷும் உருவாக்கிய இந்த முறையில், ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் 1913-ல் முதல் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. அதே வேலையை வேர் முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள், கொல்லை மண்ணின் சூட்டிலேயே செய்துவிடுகின்றன.

அவற்றின் கருவி நைட்ரஜனேஸ் என்ற நொதி. அதற்கு ஒரு பலவீனம் உண்டு: ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதுதான் அந்தச் செந்நிறப் புரதம். ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, நொதியைக் கெடுக்காத அளவுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

பாக்டீரியா தானாக உள்ளே நுழைவதில்லை, வேர்தான் அழைக்கிறது. வேரில் கசியும் வேதிப்பொருளை உணர்ந்து பாக்டீரியா பதிலுக்கு ஒன்றைச் சுரக்கிறது. உடனே வேர்த்தூவி சுருண்டு அதை வளைத்துக்கொள்ள, உள்ளே ஒரு பாதை திறக்கிறது. அதன்பின் செடி சர்க்கரை கொடுக்கும், பாக்டீரியா தழைச்சத்து கொடுக்கும். பயறு வகைகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பெற இந்த முடிச்சுகளே காரணம் என்று 1880-களில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் ஜெர்மனியில் நிறுவினார்கள். 1888-ல் நெதர்லாந்தின் பெய்யரின்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

ரசாயன உரமில்லாமல் வீட்டில் காய்கறி போட நினைப்பவர், எந்தக் கரைசலை எப்போது தெளிப்பது என்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பார்த்து நான்கு பாத்தி பிரியுங்கள். ஆடிப் பட்டத்தில் ஒன்றைத் தட்டைப்பயறுக்கோ கொத்தவரைக்கோ விட்டுவிடுங்கள். அது முடிந்ததும் அங்கே கீரை அல்லது கத்தரி. பயறு அடுத்த பாத்திக்கு நகரட்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை எடுத்த இடத்தில் உடனே இன்னொன்றை வைக்காதீர்கள். கொடி அவரை இந்தச் சுழற்சிக்கு ஒத்துவராது. நாட்டு ரகங்கள் பல, பகல் குறுகும் மாதங்களுக்காகக் காத்திருந்து பூப்பவை. அதற்கு வேலியோரம் நிரந்தரப் பந்தல்தான் சரி.

இரண்டு விஷயங்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து மிகுந்திருந்தால் செடி முடிச்சு வைக்காது. சர்க்கரையை ஏன் செலவழிக்க வேண்டும்? அதனால் பயறுப் பாத்தியில் சாணத்தையும் புண்ணாக்கையும் கொட்டாதீர்கள். இன்னொன்று, செடி சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி காய்க்கும் விதைக்கும் போய்விடும். காயைப் பறித்து, செடியையும் பிடுங்கி எறிந்துவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். செடியைத் தரைமட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, தழையை அதன்மேல் மூடாக்காகப் பரப்புங்கள். மண் ரொம்ப மெலிந்திருந்தால், ஒரு போகம் காயை எதிர்பார்க்காமல் சணப்பு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவதுபோல மண்ணில் கொத்திப் புதைத்துவிடுவதே நல்லது.

மாடித் தோட்டத்தில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய பையில் இந்த பாக்டீரியா இருக்கும் என்று நம்ப முடியாது. ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைக்கலாம்.

வேரைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். நூற்புழு தாக்கினாலும் வேரில் முடிச்சு வரும். அது வேரே வீங்கியது. உருவினால் கழன்று வராது. பாக்டீரியா முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். நூற்புழுதான் என்று தெரிந்தால் அடுத்த போகம் அங்கே துலுக்கச் சாமந்தி வையுங்கள். அதன் வேரில் உள்ள வேதிப்பொருள் நூற்புழுவை ஒடுக்கும்.

வரும் ஆடியில் விதைத்து, செடி பூவெடுத்ததும் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சின் உள்ளே சிவப்பாக இருந்தால் அந்தப் பாத்திக்கு யூரியா வேண்டாம். வெள்ளையாகவே இருந்தால், அடுத்த முறை விதைக்கு ரைசோபியம் பூசி விதையுங்கள்.