மீன் நோய்த் தடுப்பின் பொருளாதாரம்

கொல்கத்தா மாநகரின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கும் நீர்நிலைகள் அதன் கிழக்கு எல்லையில் பரந்து கிடக்கின்றன. ‘பேரி’ எனப்படும் இவற்றை உள்ளடக்கிய 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் 2002ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கழிவுநீரின் சத்தால் நுண்பாசிகள் பெருகி மீன்களுக்கு உணவாகின்றன. தீவனச் செலவு குறைவதால் ஏழை எளியோருக்கும் மலிவாக மீன் கிடைக்கிறது. ஆயினும், அதே சத்து நோய்க் கிருமிகளும் பெருகத் துணைசெய்யும் என்பதை மறத்தலாகாது.

ஏரோமோனாஸ் எனும் பாக்டீரியா இனம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இதன் ஒரு வகையான ஏரோமோனாஸ் சால்மோனிசிடா, குளிர்நீரில் வாழும் சால்மன், டிரவுட் மீன்களின் உடலில் கட்டிகளையும் புண்களையும் உண்டாக்குகிறது. 1894ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நமது வெப்ப நீரில் காணப்படுவது ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா. இது எப்போதும் நீரில் இருப்பதே. மீன் நெருக்கம், விடியற்காலை ஆக்சிஜன் குறைவு, வலையால் ஏற்படும் காயம் ஆகியவற்றால் மீன் நலிவுறும்போது இது நோயாக உருவெடுக்கிறது. உடலில் செந்நிறத் திட்டுகளும் வயிற்று வீக்கமும் இதன் அறிகுறிகள்.

1988ஆம் ஆண்டில் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்து மேற்கு வங்கத்திலும் பரவிய புண் நோய் இதனினும் கடுமையானது. அதன் மூலகாரணம் பூஞ்சையை ஒத்த வேறோர் உயிரி என ஆய்வாளர் பின்னர்த் தெளிந்தனர். ஏரோமோனாஸ் அப்புண்களில் புகுந்து கேட்டை மிகுவித்தது. மீன்கள் மடிந்தது ஓர் இழப்பு. புண் கண்டு அஞ்சிய மக்கள் மீன் வாங்கத் தயங்கியது மற்றோர் இழப்பு. இந்நோய்க்கென புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் ‘சிஃபாக்ஸ்’ எனும் மருந்தை உருவாக்கியது.

நார்வே நாட்டின் அனுபவமும் கருதத்தக்கது. 1985ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து தருவிக்கப்பட்ட சால்மன் குஞ்சுகளோடு கட்டி நோய் அங்குப் பரவியது. 1987ஆம் ஆண்டில் அந்நாட்டு மீன் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் நோய்க்கொல்லி மருந்துகளைப் பயன்படுத்தின. 1990களின் தொடக்கத்தில் தடுப்பூசி வந்தபின், உற்பத்தி பன்மடங்கு பெருகியபோதும் மருந்தின் அளவு மிகவும் குறைந்தது.

மீன் ஒவ்வொன்றுக்கும் ஊசியிடுதல் விலையுயர்ந்த சால்மனுக்குக் கட்டுப்படியாகும். மலிவு விலைக் கெண்டைக்கு ஆகாது. எனவே நமக்கு ஏற்றது பராமரிப்பே. குளத்தின் அளவறிந்து குஞ்சு விடுதல், சுண்ணாம்பு இடுதல், புதுக் குஞ்சுகளை உப்புக் கரைசலில் நனைத்து விடுதல், இறந்த மீன்களை உடனே அகற்றிப் புதைத்தல் ஆகியன சிறு உற்பத்தியாளராலும் இயலும்.

ஆனால் ஒரே கால்வாயின் நீரைப் பலரும் பகிர்கையில், ஒருவர் செய்யும் செலவின் பயனை அடுத்தவரின் அலட்சியம் அழித்துவிடும். எனவே நோய்த் தடுப்பைத் தனியார் செலவு என விட்டுவிடாமல், கூட்டுறவுச் சங்கங்களும் மீன்வளத் துறையும் பகிர்ந்து ஏற்கும் பொதுப் பணியாகக் கொள்வதே முறை.