இ20 பெட்ரோல்: வாகன ஓட்டிகளின் சந்தேகங்களும் விளக்கங்களும்

நாடு முழுவதும் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. மைலேஜ் குறைகிறது, பழைய வாகனங்களின் பாகங்கள் கெடுகின்றன, காப்பீடு செல்லாது என்று 2025 ஆகஸ்ட் முதல் பல கருத்துகள் பரவி வருகின்றன. இவற்றில் ஆதாரம் உள்ளவையும் உண்டு, வெறும் வதந்தியும் உண்டு. பொதுமக்களிடம் பரவலாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு:

இ20 பெட்ரோல் என்றால் என்ன?

100 லிட்டரில் 80 லிட்டர் பெட்ரோலும் 20 லிட்டர் எத்தனாலும் இருந்தால் அது இ20. கரும்புச் சாறு, சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸ், மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றை நொதிக்க வைத்து வடித்தெடுக்கும் எரிசாராயமே எத்தனால். பங்க் உரிமையாளர்கள் இதைக் கலப்பதில்லை. எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளிலேயே கலக்கப்பட்டு டேங்கர் லாரிகளில் வருகிறது.

இந்தத் திட்டம் திடீரென்று கொண்டுவரப்பட்டதா?

இல்லை. 2003 ஜனவரியில் 9 மாநிலங்களில் 5 சதவீதக் கலப்புடன் தொடங்கிய திட்டம் இது. 2014-ல் 1.53 சதவீதமாக இருந்த கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் இ20 விற்பனை தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கு 2025-26க்கு முன்னே கொண்டுவரப்பட்டு, 2025-லேயே எட்டப்பட்டதால், பழைய வாகனங்கள் சாலையை விட்டு விலகும் முன்பே எரிபொருள் மாறிவிட்டது.

எந்த வாகனங்களுக்கு இ20 பொருந்தும்?

2023 ஏப்ரல் முதல் தயாராகும் வாகனங்களின் ரப்பர், பிளாஸ்டிக், உலோகப் பாகங்கள் இ20-ஐத் தாங்கும் வகையில் இருக்க வேண்டும் என்பதும், 2025 ஏப்ரல் முதல் என்ஜினே இ20-க்கு ஏற்ப அமைய வேண்டும் என்பதும் நிதி ஆயோக் 2021-ல் வகுத்த கால அட்டவணை. அதற்கு முந்தைய வாகனங்களில் பல 10 சதவீதக் கலப்பை மனதில் வைத்து உருவானவை. இன்னும் பழையவை எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகவே உருவானவை. வாகனம் இ20-க்கு ஏற்றதா என்பதைக் காட்டும் ஸ்டிக்கரைத் தயாரிப்பாளர் ஒட்ட வேண்டும் என்று 2021 மார்ச் மாத அரசு அறிவிக்கை கூறுகிறது. ஸ்டிக்கர் இல்லாத வாகனங்களுக்கு, வாகனத்துடன் தரப்பட்ட கையேட்டில் உள்ள எரிபொருள் பக்கமே நம்பகமான ஆதாரம்.

மைலேஜ் உண்மையிலேயே குறையுமா?

குறையும். இது வதந்தி அல்ல, இயற்பியல் கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், 20 சதவீதம் கலக்கும்போது லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. ஏற்கெனவே இ10 பயன்படுத்தி வந்தவருக்கு இதில் பாதி இழப்பு முன்பே நேர்ந்துவிட்டது. இ10-லிருந்து இ20-க்கு மாறும்போது கூடுதலாகச் சேர்வது ஏறத்தாழ மீதிப் பாதி.

அரசு சொல்லும் அளவு எவ்வளவு?

இ10-க்காக வடிவமைக்கப்பட்டு இ20-க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று பெட்ரோலியத் துறை அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம், அதே வகை இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்றது. இந்த அளவுகளுக்கு மேல் பெரிய சரிவு தெரிந்தால், டயர் காற்றழுத்தம், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றையும் சோதிப்பது நல்லது.

மாதச் செலவில் இது எவ்வளவு?

லிட்டர் விலை ரூ.100 என்று வைத்துக்கொண்டால், மாதம் 500 கி.மீ. ஓடி, லிட்டருக்கு 50 கி.மீ. தரும் இரு சக்கர வாகனத்துக்கு 4 சதவீதச் சரிவால் ஏறத்தாழ ரூ.42 கூடும். மாதம் 450 கி.மீ. ஓடி, லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காருக்கு 5 சதவீதச் சரிவால் ஏறத்தாழ ரூ.158 கூடும். தினமும் 100 கி.மீ.க்கு மேல் ஓட்டும் டெலிவரி ஊழியர்களுக்கும் வாடகை வாகன ஓட்டுநர்களுக்கும் இது பல மடங்காகும். அவர்களுக்கு இது வருமானப் பிரச்சினை.

ஆற்றல் குறைந்தால் விலையும் குறைய வேண்டாமா?

குறைய வேண்டும் என்றுதான் நிதி ஆயோக்கும் 2021-ல் பரிந்துரைத்தது. அப்போது பெட்ரோலை விட எத்தனால் மலிவாக இருந்தது. ஆனால் 2025 ஜூலை 31 நிலவரப்படி எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து லிட்டருக்கு ரூ.71.32 ஆகி, சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைத் தாண்டிவிட்டதாக அமைச்சகம் கூறுகிறது. மக்காச்சோள எத்தனால் விலை மட்டும் 2021-22ல் இருந்த ரூ.52.92-லிருந்து ரூ.71.86 ஆனது. காரணம் எதுவாயினும், குறைந்த ஆற்றலுக்கு அதே விலை என்ற நுகர்வோரின் குறை நியாயமானது. இந்த விவாதத்தில் அரசுத் தரப்பு பதில் மிகவும் வலுவற்று நிற்பதும் இங்கேதான்.

என்ஜின் கெட்டுவிடுமா?

ஒரே நாளில் கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் எத்தனால், பழைய வகை ரப்பர் ஹோஸ், கேஸ்கட் போன்றவற்றை நாளடைவில் உப்ப வைக்கவோ இறுகச் செய்யவோ கூடும். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ.க்குப் பிறகு இவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டுள்ளது. வழக்கமான சர்வீஸில் செய்யக்கூடிய, செலவு குறைந்த வேலை என்பது அமைச்சகத்தின் கருத்து. அந்தச் செலவு வாகன உரிமையாளரையே சேர்கிறது.

மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வாகனத்தில் சிக்கல் வருமா?

எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. டேங்க்கில் நீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, வண்டி கிளம்பாமல் போகலாம், துருவும் பிடிக்கலாம். மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உள்ளதா என்று பார்ப்பதும், கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளை நீண்ட காலம் நிறுத்தும் முன் அதிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுவதும் பயன் தரும்.

இ20 போட்டால் காப்பீடும் வாரண்டியும் போய்விடுமா?

இ20 பயன்பாட்டால் வாகனக் காப்பீட்டின் செல்லுபடி பாதிக்கப்படாது என்று அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 12 அன்று விளக்கம் அளித்தது. வாரண்டி மதிக்கப்படும் என்று வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாமும் அதே மாதம் அறிவித்தது. எனினும் கையேட்டில் இ10 என்று மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், இதைத் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது பாதுகாப்பு.

எத்தனால் கலக்காத பெட்ரோலைக் கேட்டு வாங்க முடியாதா?

சாதாரண பெட்ரோலில் அப்படி ஒரு தேர்வு இப்போது தரப்படவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும், பங்க்குகளில் கலப்பு அளவை எழுதி வைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், நீதிபதி கே.வினோத் சந்திரன் அமர்வு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

பிரேசிலில் இதைவிட அதிகம் கலக்கிறார்களே?

உண்மைதான், நீண்ட காலம் 27 சதவீதமாக இருந்த கலப்பு, 2025 ஆகஸ்ட் 1 முதல் அங்கு 30 சதவீதமாகியுள்ளது. ஆனால் பிரேசிலின் எத்தனால் திட்டம் 1975-ல் தொடங்கியது. எந்தக் கலப்பிலும் ஓடும் வாகனங்கள் 2003 முதலே அங்கு விற்பனையில் உள்ளன. வாகனமும் எரிபொருளும் சேர்ந்து மாறிய நாட்டை, எரிபொருள் முந்திக்கொண்ட நாட்டுடன் அப்படியே ஒப்பிட முடியாது.

சுற்றுச்சூழலுக்கு நன்மை உண்டா?

பெட்ரோலுடன் ஒப்பிட்டால் கரும்பு எத்தனால் 65 சதவீதமும், மக்காச்சோள எத்தனால் 50 சதவீதமும் குறைவான பசுமைக்குடில் வாயுக்களை வெளியிடுகிறது என்பது நிதி ஆயோக் கணக்கு. கார்பன் மோனாக்சைடு புகையும் குறைகிறது. அதேவேளை அசிட்டால்டிஹைடு வெளியேற்றம் கூடுகிறது. இதில் தண்ணீர்க் கணக்கையும் சேர்க்க வேண்டும்: சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற, கரும்புக்குப் பாயும் நீர் உட்பட சுமார் 2,860 லிட்டர் தேவை என்று நிதி ஆயோக் அறிக்கையே கூறுகிறது.

உணவு தானியம் எரிபொருளாவது சரியா?

இந்த ஐயம் வலுவானது. சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசே தடை விதித்துப் பின்னர் தளர்த்தியது. அதன்பின் மக்காச்சோளத்தின் பங்கு உயர்ந்தது. 2024-25 எத்தனால் ஆண்டுக்கு இந்திய உணவுக் கழகத்தின் 52 லட்சம் டன் அரிசியும் ஒதுக்கப்பட்டது. வைக்கோல் போன்ற கழிவிலிருந்து எடுப்பதே இதற்கு மாற்று. ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்ட் 10 அன்று அர்ப்பணிக்கப்பட்ட அத்தகைய ஆலையின் திறன் ஆண்டுக்கு சுமார் 3 கோடி லிட்டர் மட்டுமே.

இதனால் யாருக்கு லாபம்?

20 சதவீதக் கலப்பால் ஓராண்டில் விவசாயிகளுக்கு ரூ.40,000 கோடி சென்றடையும், அந்நியச் செலாவணியில் ரூ.43,000 கோடி மிச்சமாகும் என்பது 2025-ல் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீடு. கச்சா எண்ணெய்க்குப் பெரும்பாலும் இறக்குமதியை நம்பும் நாட்டுக்கு இது சிறிய தொகை அல்ல. அந்த லாபத்தில் பங்க்கில் பணம் கட்டுபவருக்கு நேரடிப் பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை.

20 சதவீதத்துக்கு மேலும் கூடுமா?

2025 ஆகஸ்டில் அமைச்சகம் அளித்த விளக்கத்தின்படி, இ20 அளவு 2026 அக்டோபர் 31 வரைக்குமானது. அதற்குப் பிந்தைய முடிவு, அமைச்சகங்களுக்கு இடையிலான குழுவின் அறிக்கையைப் பரிசீலித்தே எடுக்கப்படும் என்றும் அது கூறியது. அடுத்த கட்டத்துக்குச் செல்லும் முன் பழைய வாகனங்களில் செய்த சோதனை முடிவுகளை மாடல் வாரியாக வெளியிடுவதும், ஒவ்வொரு பங்க்கிலும் கலப்பு அளவை எழுதி வைப்பதும் அரசு செய்தாக வேண்டியவை.