பழம் இசைப்பதிவுகளைப் புதுக்குதல்

ஓவியம் மங்கினால் வண்ணந் தீட்டுவர். கோயில் சிதைந்தால் திருப்பணி செய்வர். காற்றோடு கலந்து மறையும் இசையை ஒருவாறு பதிந்து வைத்து, அப்பதிவும் பழுதுற்றால் செய்யத்தக்கது யாது? மேனாட்டுப் பியானோ மேதை டீனு லிபாட்டியின் பதிவுகள் இவ்வினாவுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாதலின், அவற்றைக்கொண்டே விளக்கப் புகுகின்றோம்.

லிபாட்டி ருமேனியாவின் தலைநகராகிய புக்கறெஸ்ற் நகரில் 1917ஆம் ஆண்டு பிறந்தவர். கொடிய புற்றுநோய்க்கு ஆளாகி, 1950 டிசெம்பர் 2ஆந் திகதி, முப்பத்துமூன்றாம் வயதில் ஜெனீவாவில் மறைந்தார். அதற்கு இரண்டரை மாதங்களின் முன், செப்டெம்பர் 16ஆந் திகதி, பிரான்சு நாட்டுப் பெசன்சோன் நகரில் அவரது இறுதிக் கச்சேரி நிகழ்ந்தது. மருத்துவர் தடுத்தும், கொடுத்த வாக்கைக் காக்க வேண்டுமென்று மேடையேறினார். பாஹ், மோட்சார்ட், ஷூபேர்ட் என்போரின் ஆக்கங்களை வாசித்தபின், ஷொப்பினின் பதினான்கு வால்ட்சு நடன இசைகளைத் தொடங்கினார். பதின்மூன்று முடிந்தன. எஞ்சிய ஒன்றை வாசிக்க உடலில் வலுவில்லை. வானொலிக்கெனப் பதியப்பெற்ற அக்கச்சேரி 1957இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

அரங்கிற் பதிந்த இசையில் வாசிப்பு மட்டும் இருப்பதில்லை. அவையோரின் இருமல், நாற்காலியின் அரவம், மின்னோட்டத்தின் முரலல், நாடாவின் இரைச்சல் யாவும் உடன்வரும். புதுக்குவோர் முதற்கண் மூலப்பதிவைத் தேடுவர். படியெடுக்குந்தோறும் இரைச்சல் பெருகுமாதலின் மூலத்துக்கு அணித்தான படியே வேண்டற்பாலது. ஏட்டுச்சுவடி பதிப்பிப்போருக்கு இது புதிதன்று. அடுத்து வேகத்தைச் சரிபார்ப்பர். நாடா நூற்றுக்கு ஆறு பங்கு விரைந்தோடினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் ஏறிவிடும். வாய்ப்பாட்டிலே சிறு நடுக்கம் கமகம்போல மறைந்துபோகலாம். பியானோவிலோ தட்டிய சுரம் அசைவின்றி நிற்பதால், நாடாவின் தள்ளாட்டம் உடனே காதிற்படும்.

இதன் பின்னரே இரைச்சலை நீக்குதல். இசையில்லாத இடத்து ஒலிக்கும் இரைச்சலின் இயல்பைக் கணினியால் அளந்து, பதிவு முழுவதிலுமிருந்து அதனைக் கழிக்கின்றனர். எளிய வேலைபோலத் தோன்றினும் பேரிடர் இங்கேதான் உள்ளது. சுத்தியல் கம்பியைத் தாக்கிய கணத்தில் ஓங்கியெழும் பியானோச் சுரம், மெல்ல மெல்லத் தேய்ந்து அவ்விரைச்சலுக்குள்ளேயே மறைகின்றது. இரைச்சலை அடியோடு அறுப்பவர் அத்தேய்வின் கடைப்பகுதியையும் சேர்த்தே அறுக்கின்றனர். சுரங்களுக்கிடையே மண்டபத்தின் உயிர்ப்பும் போய்விடுகின்றது. யாம் சிறிது இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் கட்சியினர்.

வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. பெசன்சோன் பதிவில், பாஹின் ஆக்கத்துக்கு முன் லிபாட்டி விரல்களை ஓடவிட்டுச் சில சுரங்களை அடுக்குவது கேட்கும். நிகழ்ச்சிநிரலில் இல்லாததென்று அதை எறிந்துவிடலாம். எறிந்தால், நோயுற்ற கலைஞர் தம் கருவியையும் கையையும் சோதித்துக்கொண்ட அந்தச் சில கணங்களை இழப்போம். விடுபட்ட வால்ட்சையோ, அவ்வாண்டுக் கோடையில் ஜெனீவாவில் அவர் பதிவுசெய்திருந்தார். அதனை எடுத்துக் கச்சேரியோடு ஒட்டுதல் இன்று சில நிமிட வேலை. ஒட்டினால் எண்ணிக்கை நிறையும். அன்று நடந்த கச்சேரி அஃதன்று.

இவற்றினும் முதன்மையானது, பதிவு யாருடையதென்று துணிதல். லிபாட்டி மறைந்து பல ஆண்டுகளின் பின், ஷொப்பினின் முதலாவது பியானோக் கொன்சேர்ட்டோ அவர் பெயரால் இசைத்தட்டாக வந்தது. அவர் வாசிப்பெனவே அன்பர்கள் அதனைச் சுவைத்தனர். 1981இல் பி.பி.ஸி. ஒலிபரப்பிற் கேட்ட ஒருவர், செக் நாட்டு இசைத்தட்டொன்றும் இதுவும் ஒன்றுபோல ஒலிப்பதைச் சுட்டினார். ஒரே கலைஞர் இருமுறை வாசித்தாலும் ஒவ்வோர் இடைவெளியும் அச்சொட்டாக ஒத்திராது. ஒப்பிட்டு நோக்கியபோது இரண்டும் ஒரே பதிவென்பது வெளிப்பட்டது. வாசித்தவர் போலந்து நாட்டு ஹலினா சேர்னி ஸ்டெபான்ஸ்கா. 1949இல் வார்சோவில் நடந்த ஷொப்பின் போட்டியில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட அம்மையார். தம் உழைப்பு மற்றொருவர் பெயரால் உலவியது அவருக்கு நேர்ந்த அநீதியே.

இச்செய்தி பரவியபின், 1950 பெப்ரவரி 7ஆந் திகதி சூரிச் நகரில் ஓட்டோ அக்கர்மனின் இசைக்குழுவோடு லிபாட்டி உண்மையாகவே வாசித்த அக்கொன்சேர்ட்டோவின் நாடா கிடைத்தது. ஒலித்தூய்மையில் அது போலிக்குத் தாழ்ந்ததே. இன்று அவர் பெயரால் வெளிவருவது அந்த நாடாதான்.