மலிவான மீனின் மறைந்திருக்கும் விலை

 

உணவு பற்றி நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இது ஹலாலா?" என்பதாகும். அது எழவேண்டிய கேள்விதான். ஆயினும் அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 168ஆம் வசனம், ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. தூய்மையானது, நல்லது எனப் பொருள்படும் அச்சொல் இரண்டாவது கேள்வியை நம்முன் வைக்கிறது: இந்த உணவு எந்த வழியாக நமது சஹனுக்கு வந்து சேர்ந்தது?

மீனும் இறாலும் ஹலால் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவற்றைப் பிடிக்கும் முறை, வளர்க்கும் முறை ஆகியவற்றால் ஏற்படும் இழப்பைச் சந்தை விலை காட்டுவதில்லை. பெருந்தொழில் முறையில் உற்பத்தியாகும் உணவு மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், அதன் செலவில் ஒரு பகுதியை வேறு எவரோ செலுத்திவிடுவதாகும். அந்த 'எவரோ' யார் என்பதை அறிய மன்னார்க் கடலை விடச் சிறந்த பாடப்புத்தகம் தேவையில்லை.

கடலடியை வாரும் மடி

மன்னார்த் தீவின் வடக்கே பாக்கு நீரிணைக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. வடபுறக் கடல் பெரும்பாலும் 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. சூரிய ஒளி அடிவரை செல்வதால் அங்கே கடற்புற்கள் செழித்து வளர்கின்றன. இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் ஒளிந்து வளரும் தொட்டில் அதுவே. ஆவுளியா எனப்படும் கடற்பசு உண்டு வாழ்வதும் அந்தப் புல்லையே.

இழுவை மடி என்பது கூம்பு வடிவமான பெரிய வலை. அதன் வாயை இரு கனத்த பலகைகள் விரித்துப் பிடிக்கின்றன. பாரம் கட்டிய அடிக்கயிறு கடலடியை உரசிக்கொண்டு செல்ல, இயந்திரப் படகு அதனை மணிக்கணக்கில் இழுக்கிறது. தேடுவது இறாலை, வாரப்படுவதோ குஞ்சு மீன், சினை நண்டு, கடற்புல் என அனைத்தும். அறுவடைக்கென்று வயலின் மேல்மண்ணையே வழித்தெடுப்பதற்கு இது ஒப்பாகும்.

பயனற்றவை எனக் கருதப்படும் சிறுமீன்கள் கடலிலேயே வீசப்படுகின்றன. அல்லது உலர்த்தி அரைக்கப்பட்டுக் கோழித் தீனாகவும் பண்ணை இறாலின் உணவாகவும் ஆகின்றன. உலகக் கடல்களில் ஆண்டுதோறும் சுமார் 91 இலட்சம் தொன் மீன் பிடித்தபின் வீசப்படுவதாக ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 46 வீதம் கடலடி இழுவை மடிகளால் நேர்வது. இஸ்ராஃப் எனும் வீண்விரயத்தைத் திருமண விருந்தின் எச்சிற் சோற்றில் மட்டும் காண்பவர்கள், இந்தக் கணக்கையும் சிந்திக்க வேண்டும்.

விலையைச் செலுத்துபவர் யார்?

இந்த முறை இப்பகுதிக்குப் பூர்வீகமானதன்று. 1950களில் இந்தியா நோர்வேயுடன் இணைந்து கேரளத்தில் தொடங்கிய மீன்பிடி அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக இழுவைப் படகுகள் பெருகின. யப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளின் சந்தையில் இறாலுக்குக் கிடைத்த விலை அவற்றைத் தமிழகக் கரையெங்கும் பரப்பியது. தங்கள் கரையில் வளம் குன்றவே, 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையைத் தாண்டி அப்படகுகள் நம் பக்கம் வரலாயின. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர் கடலுக்குச் செல்லத் தடைகள் இருந்தமை இதற்கு மேலும் இடமளித்தது.

1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு புத்தளம் நோக்கி வெளியேற்றப்பட்டதை நம் மூத்தோர் மறக்கவில்லை. 2009இல் போர் முடிந்தபின் எருக்கலம்பிட்டிக்கும் முசலிக் கிராமங்களுக்கும் திரும்பியவர்களுள் கடலை நம்பியவர்களும் இருந்தனர். கடனுக்கு வலை வாங்கி, மாலையில் விரித்துவிட்டு வரும் சிறுமீனவனின் நிலை என்ன? இரவில் இழுவைப் படகு குறுக்கே சென்றால் விடியும்போது மீனும் இல்லை, வலையும் இல்லை. கடன் மட்டும் எஞ்சும். அதனால் இராமேஸ்வரம் இழுவைப் படகுகள் தொழிலுக்கு வரும் நாட்களில், வழக்கமாக வாரத்தில் மூன்று நாட்கள், கரையிலேயே தங்கிவிடுவோர் பலர். இறாலின் விலையில் எழுதப்படாத செலவு இதுவே.

இதனை இரு கரை மக்களின் பகையாகக் கருதிவிடக் கூடாது. அப்படகுகளில் வருபவரும் பங்குக்கு உழைக்கும் ஏழைத் தொழிலாளரே. தமிழகத்தின் நாட்டுப்படகு மீனவரும் இதே மடியால் பாதிக்கப்படுகின்றனர். நம் வடபகுதிக் கரைகளிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் இருந்தன. எனவேதான் 2017 ஜூலையில் நமது பாராளுமன்றம் கடலடி இழுவை மீன்பிடியை அனைவருக்குமே தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக்கு நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. கடன்பட்டு வாங்கிய படகை விட்டுவிடுவது எவருக்கும் எளிதன்று.

பண்ணை இறால் மாற்றாகுமா?

கடலை விட்டுவிட்டுக் குளத்தில் வளர்த்தால் என்ன என்று சிலர் கேட்பர். இதற்கான விடையைப் புத்தளத்தில் வாழ்ந்த நம்மவர் நேரிற் கண்டனர். 1980களில் அங்கு பெருகிய இறால் பண்ணைகளுக்காகக் களப்பு ஓரத்துக் கண்டற் காடுகள் அழிக்கப்பட்டன. நெருக்கமாய் அமைந்த பண்ணைகள் ஒன்றின் கழிவுநீரையே மற்றொன்று உள்ளெடுத்தன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது இழப்பு பேரளவில் நேர்ந்தது. கைவிடப்பட்ட உப்பேறிய குளங்களில் நெல்லும் விளையாது, கண்டலும் எளிதில் முளையாது.

2016இல் பிரகடனப்படுத்தப்பட்ட விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தில் 168 ஹெக்டெயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விலக்கும் வர்த்தமானி 2024இல் வெளியானபோது சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடியது இதனாலேயே. வேலைவாய்ப்பு வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. பண்ணையின் இலாபத்தைக் கணக்கிடுவோர், கண்டல் தரும் மீன்குஞ்சையும் புயற்காப்பையும் அதே ஏட்டில் எழுத வேண்டும் என்பதே கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே! மீன் வாங்கும்போது எங்கே, எந்த வலையில் பிடிபட்டது என்று கேளுங்கள். குஞ்சு மீனையும் சினை நண்டையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். நோன்புக்கால, வலீமா விருந்துகளில் அளவைக் குறைப்பதும் கடலுக்குச் செய்யும் உபகாரமே.

இளைஞர்களே! உங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இணையுங்கள். அறுபட்ட வலைகளைப் பற்றித் திகதி, இடம், படம் ஆகியவற்றோடு பதிவு வையுங்கள். உணர்ச்சிப் பேச்சைவிட அது அதிகாரிகளிடம் அதிகம் பேசும். சட்டத்தைக் கேட்கும் நாம், தங்கூசி வலையையும் வெடியையும் நம் கரையில் அனுமதிக்கலாகாது.

கடல் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். அமானத்தை உண்டு தீர்ப்பவன் தன் பிள்ளையின் பங்கையும் உண்கிறான். ஹலாலானதையும் தய்யிபானதையும் தேடி உண்ணும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.