கன் தீவு: ஓடுபாதைக்காக ஊரை இழந்த மக்கள்

மாலைதீவின் தலைநகர் மாலேயிலிருந்து தெற்கே 500 கிலோமீற்றருக்கும் அப்பால், பூமத்திய ரேகையைக் கடந்து அமைந்துள்ளது அட்டு தீவுக்கூட்டம். அதன் தென்முனையில் உள்ளது கன் தீவு. இன்று அங்கு சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் வந்திறங்கும் இந்த இடம், ஒரு காலத்தில் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த ஊராகவும், அதன்பின் பிரித்தானியாவின் இராணுவ விமானத் தளமாகவும் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 இல் பிரித்தானியக் கடற்படை இங்கு 'போர்ட் டி' என்ற பெயரில் இரகசியத் தளமொன்றை அமைத்தது. விமான ஓடுபாதையும் போடப்பட்டது. 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பையும் 9 இல் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அதற்குச் சற்று முன்னர் அட்மிரல் சோமர்வில்லின் கப்பற்படை எரிபொருள் நிரப்ப அட்டுவுக்குச் சென்றிருந்தது. அப்படியொரு தளம் இருப்பதே அன்று ஜப்பானியருக்குத் தெரியாது. எனினும் 1944 மார்ச்சில், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று 'பிரிட்டிஷ் லோயல்டி' என்ற எண்ணெய்க் கப்பலை இங்கேயே தாக்கியது.

போர் முடிந்ததும் இத்தளத்தின் தேவை குறைந்தது. அதற்கு மறுவாழ்வு கிடைக்க இலங்கையில் ஏற்பட்ட மாற்றமே காரணம். பண்டாரநாயக்க அரசாங்கம் 1957 இல் கட்டுநாயக்க, திருகோணமலைத் தளங்களைப் பிரித்தானியாவிடமிருந்து பொறுப்பேற்றது. சிங்கப்பூர் செல்லும் இராணுவ விமானங்கள் இடையில் தரித்துச் செல்ல வேறோர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமாகக் கன் தேர்வு செய்யப்பட்டது. ஆண்டுக்கு வெறும் 2,000 பவுண்ட் வாடகைக்கு 100 வருடக் குத்தகை என்பதே முதலில் பேசப்பட்ட ஏற்பாடு.

தளத்துக்காகத் தென்னைகள் வெட்டப்பட்டன. கன் மக்கள் பக்கத்துத் தீவான ஃபேதூவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு இடம் கொடுக்க ஃபேதூ மக்களில் ஒரு பகுதியினர் மரதூவுக்குப் பெயர்ந்தனர். 'மரதூ-ஃபேதூ' என்ற ஊர்ப் பெயர் இன்றும் அந்த இடப்பெயர்வை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

தளம் வேலையும் வருமானமும் தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிரதமர் இப்ராஹிம் நாசிர் குத்தகையை மாற்றியமைக்க முயன்றபோது, மாலேக்கும் தெற்கு மக்களுக்கும் இடையிலான கசப்பு வெளிப்பட்டது. 1959 ஜனவரியில் அப்துல்லாஹ் அஃபீஃப் தலைமையில் தென் தீவுகள் 'சுவதீவ்' எனத் தனிநாடு அறிவித்தன. 1960 இல் பிரித்தானியா மாலே அரசுடன் 30 வருடப் புதிய உடன்பாட்டைச் செய்துகொண்டது. 1962 இல் தினதூ தீவின் மக்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர். 1963 இல் சுவதீவ் முடிவுக்கு வந்தது. அஃபீஃப் சீஷெல்ஸுக்குச் சென்று, அங்கேயே வாழ்ந்து மறைந்தார்.

உடன்பாடு முடிய இன்னும் பத்தாண்டுகள் இருக்கும்போதே, 1976 மார்ச்சில் பிரித்தானியர் வெளியேறினர். தளத்தை நம்பி வாழ்ந்த மக்கள் திடீரென வேலை இழந்தனர். அங்கு கற்ற ஆங்கிலத்தைக் கொண்டு பலர் வடக்கின் சுற்றுலா விடுதிகளில் பிழைப்புத் தேடினர்.

ஒரு சாண் நிலத்தையேனும் அநியாயமாக எடுத்துக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டோர் இலண்டனிலும் மாலேயிலும் இருந்தனர். வீட்டைவிட்டு எழுந்து போனவர்களோ கன் மக்கள். அபிவிருத்தி என்றோ பாதுகாப்பு என்றோ நம் ஊர்களில் நிலம் கேட்கப்படும்போது, அந்த மண்ணில் வாழ்வோரிடம் மஷூரா செய்யப்பட்டதா என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்நியருடைய தேவை தீரும் நாளில் அவர்கள் போய்விடுவார்கள். சகோதரர்களுக்கிடையே விழுந்த பிளவை ஆற்றும் பொறுப்பு நம்மிடமே மிஞ்சும்.