பழைய பேப்பர்: மண்ணுக்கா, ஆலைக்கா?

“செய்தித்தாளை மூடாக்காகப் போடலாமா சார்?” பண்ணைக்கு வரும் புது விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது. அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பதில் பாதி கிடைத்துவிடும்.

காகிதம் என்பது செடியின் நார்தான். நாரைத் தண்ணீரில் பிரித்துக் கூழாக்கி, சல்லடை மேல் மெல்லிசாகப் பரப்பி, நீரை வடித்து, அழுத்திக் காயவைத்தால் தாள். நனைந்த நார்கள் காயும்போது பசையில்லாமலே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சீனாவில் கி.பி. 105 வாக்கில் சாய் லுன் என்பவர் மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலையெல்லாம் இடித்துக் காகிதம் செய்ததாக வரலாறு சொல்கிறது. கவனிச்சீங்களா? அப்போதே கழிவுதான் மூலப்பொருள்!

மரத்தில் நாரோடு லிக்னின் என்ற பொருளும் உண்டு. மரத்துக்கு விறைப்பு தருவது அதுதான். எழுதும் தாளுக்கு மரச் சீவலை இரசாயனத்தில் வேகவைத்து லிக்னினை நீக்குவார்கள். மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் கூழாகத் தேறும். ஒருநாள் வாழ்வுள்ள செய்தித்தாளுக்கு இந்தச் செலவு கட்டுபடியாகுமா? அதனால் மரத்தை அப்படியே அரைத்துவிடும் முறை 1840களில் வந்தது. அதில் லிக்னினும் உள்ளேயே தங்கிவிடும். வெயிலில் கிடந்த பேப்பர் மஞ்சளாவது இதனால்தான். வங்கியில் நான் புரட்டிய பழைய லெட்ஜர்களின் தாள் வெள்ளையாகவே இருக்கும். அதற்கு அட்டை போட்ட செய்தித்தாளோ பழுப்பேறி நொறுங்கும்.

மரம் இல்லாமலும் காகிதம் வரும். 1979ல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்தே செய்தித்தாள் காகிதம் செய்து காட்டியது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரிப்பவை. சும்மா தருவார்களா? பதிலுக்கு வேறு எரிபொருள் கொடுத்துத்தான் சக்கையை வாங்க வேண்டியிருந்தது.

சரி, பழைய பேப்பர் எப்படிப் புதுசாகிறது? பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டு, மிக்சி மாதிரி சுழற்றிக் கரைப்பார்கள். பின், பிளாஸ்டிக் எல்லாம் சல்லடையில் நின்றுவிடும். மைதான் பெரிய தலைவலி. கூழில் சோப்பு கலந்து அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டால், மை குமிழியில் ஒட்டி நுரையோடு மேலே வரும். வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் அழுக்கை வழித்தெடுக்கிறோமே, அதே வேலைதான். 1774லேயே ஜெர்மனியில் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர் அச்சிட்ட தாளில் மை நீக்கிக் காட்டினார். ஆனாலும் முழுக்கப் பழைய செய்தித்தாளிலிருந்தே செய்தித்தாள் காகிதம் தயாரிக்கும் ஆலை அமெரிக்காவின் நியூஜெர்சியில் வந்தது 1961ல்தான். அதன் பின்னால் இருந்த ரிச்சர்ட் ஸ்கடர் ஒரு பத்திரிகை அதிபர்!

ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். ஐந்து, ஆறு தடவைக்கு மேல் தாங்குவது சிரமம். ஆகவே புது நார் கொஞ்சம் சேர்த்தே ஆகணும். அந்தப் புது நார் எங்கிருந்து வரும்? நம்ம ஊர்ப் பக்கம் சவுக்கும் தைல மரமுமாக, சோறு போட்ட நிலத்திலிருந்து. நல்ல பேப்பரை மண்ணில் புதைப்பதை நான் ஏன் விரும்பவில்லை என்று இப்போ புரியும். கடையில் போட்டால் அந்த நாருக்கு இன்னும் சில பிறவி இருக்கிறது.

நனைந்தது, கிழிந்தது, சேறு பட்டது மட்டும் மண்ணுக்கு. ஒரு எச்சரிக்கை. பேப்பரில் கரிமம் நிறைய, தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மண்ணோடு கலந்து உழுதால் நுண்ணுயிர்கள் அதை மட்கவைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். ஆகவே மேலாக மட்டும் நாலைந்து தாள் கனத்துக்குப் பரப்பி, நனைத்து, மேலே வைக்கோல் மூடுங்கள். கோரை கொஞ்ச நாளில் துளைத்து வந்துவிடும். மற்ற களைகள் அடங்கும். மட்குக் குழியில் போடுவதானால் கிழித்துப் போட்டு, சாணக் கரைசலைத் தாராளமாகத் தெளிக்கணும். இயற்கைச் சான்று வாங்கியவர்கள் சான்று தருபவரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பஜ்ஜி மடித்த எண்ணெய்ப் பேப்பரை ஆலை விரும்பாது, கூழைக் கெடுத்துவிடும். உணவை அச்சிட்ட தாளில் மடிக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே சொல்லிவிட்டது. நம்ம டீக்கடைக்காரர்தான் இன்னும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் படலமும் ஜிகினாவும் ஒட்டி வருகிற கல்யாணப் பத்திரிகை மட்டும் ஆலைக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. என் வீட்டு அலமாரியில் ஒரு கட்டு சேர்ந்து கிடக்கிறது.