மாதேஸ்வரன் மலை முதல் பிபிசி மேடை வரை: யார் இந்த ரகு தீட்சித்?

ஈரோடு, சேலம் பக்கத்து ஆளா நீங்க? அப்போ மாதேஸ்வரன் மலை உங்களுக்குப் புதுசில்லை. கர்நாடகாவின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் அந்த மலைக்கோயில் சாமியை ராக் இசையோடு கன்னட சினிமாவில் பாடியவர் ரகு தீட்சித். 2008-ல் வந்த 'சைக்கோ' படத்துக்காக அவர் இசையமைத்துப் பாடிய 'நின்ன பூஜெகெ பந்தெ மகதேஸ்வரா' அப்போது பெரிய ஹிட்.

யார் இவர்?

1974-ல் நாசிக்கில் பிறந்து, மைசூரில் வளர்ந்தவர். முறையாகப் பரதநாட்டியம் கற்றவர். மைசூர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் முதுகலையில் தங்கப் பதக்கம். ஆனாலும் லேப் வேலையை விட்டுட்டு கிதாரோடு மேடை ஏறினார்.

எப்படிப் பிரபலமானார்?

- 2008: முதல் ஆல்பம். பாலிவுட் இசையமைப்பாளர்கள் விஷால் – சேகர் தங்கள் சொந்த நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார்கள்.
- 2010: பிரிட்டனில் பிபிசியின் 'லேட்டர் வித் ஜூல்ஸ் ஹாலண்ட்' நிகழ்ச்சியில் பாடினார்.
- 2011: கிளாஸ்டன்பரி விழா மேடை, 'சாங்லைன்ஸ்' இதழின் சிறந்த புதுமுக விருது.

சினிமாவில்?

கன்னடத்தில் 'ஜஸ்ட் மாத் மாதல்லி' (2010), 'லவ் மாக்டெயில்' (2020). இந்தியில் 'பேவகூஃபியான்' (2014). மலையாள 'கூடே' (2018) படத்திலும் இவர் பாடல்கள் உண்டு.

வரிகள் யாருடையவை?

எல்லாமே அவர் எழுதியவை இல்லை. முதல் ஆல்பத்திலேயே சிசுநாள ஷரீஃபின் பாடல்கள் இருக்கின்றன. ஷரீஃப் (1819–1889) வட கர்நாடகாவின் ஞானக் கவி. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற பிராமண குருவிடம் சீடராக இருந்தவர். ரகு தீட்சித் அந்தப் பழைய வரிகளை வைத்துக்கொண்டு, மெட்டையும் தாளத்தையும் மாற்றினார்.

அதில் என்ன பெரிய விஷயம்?

2020-ல் நடந்ததைப் பாருங்க. மாதேஸ்வரன் பக்தர்கள் பாடும் 'கோலுமண்டே' பாட்டை ராப்பர் சந்தன் ஷெட்டி வீடியோவாக வெளியிட்டார். அந்தக் கதையில் வரும் சங்கம்மாவைக் காட்டிய விதம் பக்தர்களைக் கோபப்படுத்தியது. அவர் மன்னிப்புக் கேட்டார், வீடியோ நீக்கப்பட்டது. இத்தனைக்கும் அதே பாட்டு 1996-ல் 'ஜனுமத ஜோடி' படத்தில் வந்து பெரிய வரவேற்பைப் பெற்றிருந்தது. ஆக, பிரச்சினை சினிமாவோ புது இசையோ இல்லை. மெட்டை மாற்றலாம், பாட்டுக்குள் இருக்கும் மனுஷியை மாற்றினால் ஊர் கேள்வி கேட்கும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் 'மைசூர் சே ஆயீ', அடுத்து ஷரீஃபின் 'குடுகுடியா'. பிறகு வெண்கலத் தாளத்தைச் சுழற்றி ஆடிக்கொண்டே பாடும் கம்சாளே கலைஞர்களின் வீடியோ ஒன்றைத் தேடிப் பாருங்க. மாதேஸ்வரனைத் தலைமுறைகளாகப் பாடி வருபவர்கள் அவர்கள்தான்.